மீதியைக் காட்டு

தாய்மார்கள் கேள்வி கேட்கும் அந்த இணையதளத்தை மாலை ஆறு மணிக்கு மூடிவிடப் போகிறார்கள். மூன்று மணிக்கே அவள் எழுதிய கணினி நிரல் ஆயிரத்து நானூறு பதில்களை அள்ளிவந்து கோப்பில் கொட்டிவிட்டது. எல்லாம் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற அம்மா, முகம் தெரியாத இளம் தாய்மார்களுக்கு ஒன்பது வருடமாக எழுதியவை. ஆறு மாதத்துக்கு முன் வந்த பக்கவாதம் அம்மாவின் பேச்சை வாரிக்கொண்டு போய்விட்டது. மிச்சமிருக்கும் பேச்சு இதுதான். இதையும் பறிகொடுக்க அவளுக்கு மனசில்லை.

கணவன் எட்டிப் பார்த்தான். "என்ன இது, அத்தை எல்லாத்தையும் மூணே வரியில முடிச்சிருக்காங்க? வாங்கன்னு சொல்லவே அவங்களுக்கு மூணு வரி வேணுமே!"

அவள் தளத்தைத் திறந்து பார்த்தாள். ஒவ்வொரு பதிலின் அடியிலும் 'மீதியைக் காட்டு' என்றொரு பொத்தான் இருந்தது. நிரல் அதை அழுத்தவில்லை, கண்ணில் பட்டதை வழித்துக்கொண்டு ஓடிவந்திருக்கிறது. நிரலை எழுதியவள் புத்திதானே அதற்கும் இருக்கும்! பொத்தானை அழுத்து, நாலு விநாடி நில், அப்புறம் எடு என்று மாற்றி எழுதி மறுபடி ஓட விட்டாள். ஆறுக்குள் முடிந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

திரையில் பக்கங்கள் தாமாகத் திறந்து மூடின. பக்கத்து நாற்காலியில் அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து மணிவாக்கில் அந்தக் கேள்வி வந்தது. 'குழந்தை தூங்கவே மாட்டேங்குது. எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும்போல இருக்கு.' கேட்டவள் அவளேதான். சொல்பேச்சு கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டு, அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசாத காலம். அம்மா அங்கே எழுதுவது தெரிந்தே பொய்ப்பெயரில் கேட்டாள். பதிலின் முதல் மூன்று வரியைப் படித்தாள். ஊருக்கெல்லாம் சொல்வதைத்தான் நமக்கும் சொல்கிறாள் என்ற ஆத்திரத்தில் அன்றைக்கே மூடிவிட்டாள்.

இப்போது மீதி விரிந்தது.

'பிள்ளையை இடது கையில ரொம்ப நேரம் வெச்சிருக்காதே கண்ணு. எட்டு வயசுல முறிஞ்சு கூடின கை அது. வலிச்சாலும் நீ வாய் திறந்து சொல்லமாட்டே.'

கேள்வியில் கையைப் பற்றி ஒரு சொல் இல்லை. நாலு விநாடி முடிந்து பக்கம் மாறிவிட்டது.

"அம்மா, நான்தான்னு அப்பவே உனக்குத் தெரியுமா?"

அம்மா மகளின் இடது கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முழங்கைக்குக் கீழே எலும்பு கூடிய மேட்டைக் கட்டைவிரல் தேடிக் கண்டுபிடித்து, மெதுவாக நீவத் தொடங்கியது.