பதினேழாவது விலா

திருச்சியிலிருந்து வந்திருந்த கிருஷ்ணமூர்த்தி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இறக்கைக்கு உருவம் தரும் தகட்டு விலாக்களில் முதலாவதில் கட்டைவிரலை வைத்து மெதுவாக இழுத்தார். நாற்பது வருடம் விமானங்களைப் பழுதுபார்த்து ஓய்வுபெற்ற விரல் அது. குரும்பலூரில், கோழி வளர்த்து நொடித்துப்போன கொட்டகை ஒன்றில் ஒரு விமானம் எலும்பும் தோலும் சேராமல் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு, மேல்தகடு போர்த்துவதற்கு முன் ஒரு பார்வை பார்த்துச் சொல்ல வந்திருந்தார்.

அரங்கநாதன் அவர் பின்னால் கைகட்டி நின்றார். ஐ.டி.ஐ.யில் முப்பத்தோரு வருடம் தகட்டு வேலை சொல்லிக்கொடுத்தவர். சொல்லிக்கொடுத்தது முழுக்கக் கரும்பலகையில். இப்போது கொட்டகை வாசலில் ‘அரங்கநாதன் வானூர்தி ஆராய்ச்சி நிலையம்’ என்று பலகை. பலகைக்கு ஒரு திறப்பு விழா. விழாவில் அவருக்கு ஒரு சால்வை. அந்தச் சால்வையை அவரே கடையில் தேர்ந்தெடுத்துக் கொடுத்தனுப்பியது மனைவி வளர்மதிக்கு மட்டும் தெரியும். விமானத்துக்குச் சக்கரம் இன்னும் வரவில்லை. பெயர் வந்துவிட்டது: விண்மணி.

‘தகட்டைத் தன் கையால் வளைத்த தமிழர்’ என்று ஒரு வாரப்பத்திரிகை எழுதியிருந்தது. வளைத்தது உண்மைதான். விலாவின் வடிவத்தில் அறுத்த மரக்கட்டையின் மேல் அலுமினியத் தகட்டை வைத்து, துருத்தி நிற்கும் விளிம்பைக் கொட்டாப்புளியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டிப் படியவைக்க வேண்டும். அவர் தட்டியவை ஓரமெல்லாம் சுருங்கிக்கொண்டன. “கவுனுக்குக் கொசுவம் வச்ச மாதிரில்ல இருக்கு” என்றாள் வளர்மதி.

அதன்பிறகுதான் ஆண்டிமடத்துக்குப் போனார். அங்கே முந்திரி வறுக்கும் தட்டுகள் அடித்துக்கொடுக்கும் வெற்றிச்செல்வி அவருடைய பழைய மாணவி. படித்த காலத்தில் அவளைப் பட்டறைப் பக்கமே விடாமல், பையன்களின் ரெக்கார்டு நோட்டை எழுத உட்காரவைத்திருந்தார். அவள் இருபத்தோரு விலா அடித்துக்கொடுத்தாள். ஒன்றிலும் சுருக்கமில்லை. மனசு கேட்காமல், தான் அடித்தவற்றில் தேறியதாகத் தோன்றிய ஒன்றை மட்டும் பதினேழாவது இடத்தில் பொருத்திக்கொண்டார். சொந்தப் பிள்ளை ஒன்றாவது வேண்டாமா?

“யாரு சார் அடிச்சது இதெல்லாம்?” கிருஷ்ணமூர்த்தி நிமிர்ந்தார். “இப்புடி ஒரு கைய நான் பாத்ததில்ல. ஓசூர்ல நம்ம பையன் ஒருத்தன் குட்டி விமானம் கட்டுறான். தகடு அடிக்க ஆளு கெடைக்காம அல்லாடுறான். வூடு, சம்பளம் எல்லாம் நல்லாவே தருவான். அதான் கேக்குறேன்.”

ரிவிட் வேலைக்கு வந்திருந்த வெற்றிச்செல்வி டிரில்லைக் கீழே வைத்தாள். சேலைக்கு மேல் போட்டிருந்த ஆண்சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு அரங்கநாதனைப் பார்த்தாள். சாரே சொல்லட்டும் என்கிற பார்வை.

“நான்தான்” என்றார் அரங்கநாதன். வாய்க்குப் பழகிப்போன சொல். அவரைக் கேட்காமலே வந்துவிட்டது. “எல்லாம் நம்ம கைவேலதாங்க. இந்த வயசுல ஓசூருக்கெல்லாம் எங்கங்க போறது?”

கிருஷ்ணமூர்த்தி கையெடுத்துக் கும்பிட்டேவிட்டார். விரல் மறுபடி நகர்ந்தது. பதினைந்து, பதினாறு. பதினேழில் நின்றது. கண்ணாடி நெற்றியிலிருந்து இறங்கியது. மடிப்பில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல்.

“இது யாரு? ஏதோ கத்துக்குட்டி அடிச்சிருக்கு. மேல போனா இங்கேர்ந்துதான் பிச்சிக்கும். ஆளக் கொன்னுடும் சார்!”

அரங்கநாதனின் கை நீண்டது. நீண்ட திசையில் வெற்றிச்செல்வி நின்றிருந்தாள். “நம்ம பொண்ணுதான்… ஆசப்பட்டுச்சு. ஒண்ணே ஒண்ணு அடிக்கக் குடுத்தேன்.”

கிருஷ்ணமூர்த்தி அவளைப் பார்த்துக் கனிவாகச் சிரித்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. “பரவால்லம்மா. சாரு பக்கத்துலயே இருந்து பழகிக்க. இப்புடி ஒரு வாத்தியாரு யாருக்குக் கெடைப்பாரு?”

“சரிங்க” என்றாள். “வேற அடிச்சு மாத்திடுறேங்க.”

கார் கிளம்பிப் போனதும், டீத் தட்டோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்த வளர்மதி உள்ளே வந்தாள். வெற்றிச்செல்வி கையில் ஒரு டம்ளரைக் கொடுத்தாள். கணவன் பக்கம் திரும்பி, “அந்தச் சால்வய எடுத்தாரட்டுங்களா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். இன்னொரு டம்ளர் தட்டிலேயே போனது.

வெற்றிச்செல்வி ரிவிட்டுகளைத் துளைத்து எடுத்தாள். பதினேழாவது விலா கையோடு வந்தது. புதுத் தகடு ஒன்றைக் கட்டையின் மேல் வைத்தாள்.

“சார், இதப் புடிங்க.”

பெஞ்சில் தகட்டைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் சும்மாதான் கிடந்தது. அதில் கடிக்கவைக்கலாமே என்று அவர் கேட்கவில்லை. பிடித்துக்கொண்டார். கார் சிறுவாச்சூரைத் தாண்டியிருக்காது. கிருஷ்ணமூர்த்தியின் நம்பர் போனில் இருந்தது. போன் சட்டைப் பையில் இருந்தது.

“வெற்றி… அவருக்கு ஒரு போனு…”

கொட்டாப்புளி விழுந்தது. அதிர்வு அவர் முழங்கை வரைக்கும் ஏறியது.

“இல்ல, இப்பவே சொல்லிட்டன்னா…”

“ரெண்டு கையும் வேணும் சார். வுட்டா நழுவிடும்.”

அவர் இரண்டு கையாலும் இறுக்கினார். அவள் அவர் முகத்தையும் பார்க்கவில்லை, விரல்களையும் பார்க்கவில்லை. கொட்டாப்புளி அவருடைய நகத்துக்கு ஓர் அங்குலம் தள்ளி, சீராக, திரும்பத் திரும்ப விழுந்துகொண்டிருந்தது. விளிம்பு ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் தலைசாய்த்து, ஒரு சுருக்கமும் இல்லாமல் கட்டையோடு படிந்துகொண்டு வந்தது.