தியூதொன்னே

தேவராஜ், தேவராஜ், தேவராஜ்... படி ஏறும்போதே மனசுக்குள் சொல்லிக்கொண்டு போனால் உச்சிக்குப் போவதற்குள் வாய்க்குப் பழகிவிடும் என்றுதான் நினைத்தேன், எங்கே பழகுகிறது, அடுத்தவன் செருப்பில் காலை விட்ட மாதிரி இருக்கிறது, நாற்பத்தெட்டு வயசில் ஒருவன் தன் பேரை மனப்பாடம் பண்ணுகிறான் என்றால் கேட்கிறவன் சிரிக்கமாட்டானா, ஆனால் வேறு வழி என்ன, சாயங்காலத்துக்குள் மேற்குத் தாம்பரத்தில் அச்சகத்து ஐசக்கிடம் பேரைச் சொல்லியாக வேண்டும், மகள் அம்சாவின் கல்யாணப் பத்திரிகையில் மற்ற எல்லா வரியையும் கோத்து வைத்துவிட்டு பெண்ணின் தகப்பன் பேருக்கு மட்டும் இடம் விட்டுக் காத்திருக்கிறார். மேடவாக்கத்துச் சம்பந்தி சிட்டிபாபு மரியாதையாகத்தான் சொன்னார், செங்கல் மணல் வியாபாரம் பண்ணி நாலு பேரை அனுசரித்துப் பழகிய மனுஷர், காப்பியை ஆற்றிக்கொண்டே, "சம்பந்தி, தப்பா எட்த்துக்காதீங்க, பத்திரிகைல இந்தப் பேரைப் பாத்தா நம்ம ஜனம் இன்னா கேக்கும்? இவங்க எப்ப கிறிஸ்டினாகி வேதத்துக்குப் போனாங்கன்னு கேக்கும். தேவராஜ்னு போட்டுடுங்க. உங்க பேரு உங்களாண்டயேதான கீது, எங்க போய்டப் போவுது?" நியாயமான பேச்சுதான், நியாயமாக இருப்பதுதான் எரிச்சல், சண்டைக்கு வந்திருந்தால் நானும் ஒரு கை பார்த்திருப்பேன். அம்சா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள், என் பெண்டாட்டி பொன்னி அவர் போன பிறகு "உங்க பேரு, நீங்கதான் சொல்லணும்" என்றாள், அவ்வளவுதான். அதனால்தான் திருநீர்மலை. முதலில் பெருமாளிடம் தேவராஜ் என்று சொல்லிவிட்டால் ஐசக்கிடம் சொல்வது சுலபமாகிவிடும் இல்லையா.

பொன்னி முன்னால் ஏறுகிறாள், அர்ச்சனைத் தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு, எனக்குத்தான் மூச்சு வாங்குகிறது... வேதத்துக்குப் போனவனா நான்? அம்மா கங்கையம்மாளுக்கு எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அப்போது அப்பா துரைராஜ் கடப்பேரி நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் பாண்டிச்சேரியில் ஒரு நெசவாலைக்கு வேலைக்குப் போயிருந்தார். நான் பிறந்ததும் பிரசவம் பார்த்தவள் சொல்லிவிட்டாள், இதையாவது தவிட்டுக்கு வாங்கிவிடுங்கள் என்று, அதாவது பிள்ளையை ஒரு அந்நியர் கையில் கொடுத்துவிட வேண்டும், பிறகு ஒரு முறம் தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும், இது உன் பிள்ளை இல்லை, விலைக்கு வாங்கியது என்று எமன் ஏமாந்துபோய்த் திரும்பிவிடுவானாம். எல்லோரும் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுப்பார்கள். அப்பா எதிலும் ஒரு படி மேலே, எமனையே குழப்பவேண்டும் என்றால் வெள்ளைக்காரனிடம் கொடு என்று ஆலையில் மேஸ்திரியாக இருந்த ஒரு தனிக்கட்டைப் பிரெஞ்சுக்காரரிடம், முசே என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்களாம், கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். முசே பயந்துபோனாராம், இருபது தடவை விளக்கிச் சொன்ன பிறகு என்னை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாராம், கொஞ்ச நேரமாவது அவர் பிள்ளையாக இருந்தேனே, அவர்தானே பேர் வைக்கவேண்டும், வைத்தார், தன் பேரையே வைத்தார். தியூதொன்னே. அம்மா தவிட்டை நீட்ட, முறத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த மனுஷர் அழுதாராம். ஊரில் தவிட்டுக்கு வாங்கிய பிள்ளைக்கெல்லாம் தவிட்டான், குப்பன் என்று பேர், எனக்கு மட்டும் பாருங்கள்! எமன் வந்திருந்தாலும் அந்தப் பேரைக் கூப்பிட வாய் வராமல்தான் போயிருப்பான், இதோ இத்தனை வருஷம் குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன்.

கொஞ்சம் உட்காரலாமா என்று கேட்டால் சிரிப்பாள், வேண்டாம்... கீழே மீனம்பாக்கத்துக்கு ஒரு விமானம் வயிற்றைக் காட்டிக்கொண்டு இறங்குகிறது, அதில் ஒரு பிரெஞ்சுக்காரனாவது இருப்பானோ, இருந்தாலும் அவன் பேர் என் பேராக இருக்காது, அது நிச்சயம். ஏனென்றால் நான் தாம்பரம் ஸ்டேஷன் டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்திருந்தபோது, எண்பத்தி மூன்றோ நாலோ, ஒரு பிரெஞ்சு நாட்டுக்காரர் செங்கல்பட்டுக்கு டிக்கெட் கேட்டவர் என் சட்டையில் குத்தியிருந்த பேரைப் படித்துவிட்டு சில்லறையை வாங்க மறந்து நின்றார், இது உன் பேரா, உன் பேரா என்று இரண்டு தடவை ஆங்கிலத்தில் கேட்டார், எங்கள் ஊரில் இதைக் கல்லறைக் கல்லில்தான் பார்த்திருக்கிறேன், உயிரோடு ஒருவரை இப்போதுதான் பார்க்கிறேன் என்று கம்பிக்குள் கையை விட்டுக் குலுக்கினார், பின்னால் வரிசையில் நின்றவன் "யோவ், இன்னா கொஞ்சிக்கினு கீறீங்க, வண்டி பூடும்யா" என்று கத்தினான், கத்தட்டுமே, அன்றைக்கு எனக்கு எந்த வண்டி போனால் என்ன. மறு வாரமே கிழக்குத் தாம்பரத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கும் ஏசுபாதம் சார் வீட்டுக்குப் போய்விட்டேன். அவர்தான் சொன்னார், கடவுள் கொடுத்தவன் என்று அர்த்தமாம், லத்தீனிலிருந்து வந்ததாம், அந்தக் காலத்துச் சாமியார்களும் பிஷப்புகளும் வைத்துக்கொண்ட பேராம், கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் பிள்ளையில்லாத ஒரு ராஜா ராணிக்கு ஒரு பிள்ளை பிறந்தபோது அதற்கும் இந்தப் பேரைச் சேர்த்து வைத்தார்களாம், இப்போது பிரான்சிலேயே தேடிப் பிடிக்கவேண்டும் என்றார். ஆப்பிரிக்காவில் சில நாடுகளில் இன்னும் நிறையப் பேருக்கு உண்டாம், அதை நான் யாரிடமும் சொல்வதில்லை, எதற்கு. சரியாகச் சொல்லவும் அவர்தான் பழக்கினார், உ சொல்வது போல உதட்டைக் குவித்துக்கொண்டு எ சொல்லவேண்டும், லேசான காரியமா அது, தினம் காலையில் சவரக் கண்ணாடி முன்னால் நுரை முகத்தோடு தியூ, தியூ என்று நான் குவித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து அம்சா விழுந்து விழுந்து சிரிப்பாள், பொன்னி அடுப்படியில் இருப்பாள்.

ஆனால் இத்தனை ஒசத்தியான பேரை யார் கூப்பிட்டார்கள், அதைச் சொல்லு... ஆபீசில் டோனி, ரேஷன் கடையில் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று, சிட்லபாக்கத்தில் எங்கள் தெருவுக்கு ரயில்வே சார், சொந்தக்காரர்களுக்குத் தவிட்டு மாமா. பொன்னி? அவளுக்கு நான் ஏங்க. புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று அவள் அம்மா சொல்லி அனுப்பியது, இருபத்து நாலு வருஷமாக ஒரு தடவை வாய் தவறியதில்லை. மற்ற பெண்களுக்காவது சாமி உண்டு, எதிர்வீட்டு அஞ்சம்மாளிடம் புருஷன் பேர் கேட்டால் திருப்பதி சாமி பேரு என்று சொல்லித் தப்பித்துக்கொள்வாள், என் பெண்டாட்டிக்குக் கைகாட்ட எந்தக் கோயிலில் தியூதொன்னே சாமி இருக்கிறார்? அம்சா பிறந்தபோது ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனாளாம், இவள் நான் வரும்வரை வாயைத் திறக்கவில்லை. கோயிலுக்கு வந்தாலும் பெருமாள் பேருக்கே அர்ச்சனை பண்ணுங்க சாமி என்று முடித்துவிடுவாள். அவளுக்கு இந்தப் பேர் பிடிக்கவில்லையோ, வாயில் நுழையவில்லையோ, இதை எதற்கு இந்த ஆள் மெடல் மாதிரி குத்திக்கொண்டு திரிகிறார் என்று நினைப்பாளோ, நான் கேட்டதில்லை. கேட்டு அவள் ஆமாம் என்றுவிட்டால்? தேவராஜ் என்றால் அவளுக்கும் சௌகரியம்தான், இந்திரன் பேரு என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

ரங்கநாதர் சன்னதியில் கூட்டம் இல்லை, நாங்களும் இன்னும் நாலைந்து பேரும்தான், படுத்திருக்கும் பெருமாளை விளக்கு வெளிச்சத்தில் பார்த்ததும் எனக்குத் தோன்றியது, இவருக்கு எத்தனை பேர், ஆயிரம் பேர், ஒன்றைக்கூட யாராவது மாற்றிக்கொள்ளச் சொன்னார்களா... தட்டை வாங்கிக்கொண்டு பட்டாச்சாரியார் பத்ரிநாராயணன் வழக்கம் போல, "பெருமாள் பேருக்கேதானே?" என்றார். இல்லை, பொண்ணு கல்யாணம், எங்க பேருக்குப் பண்ணணும் என்றேன். "பேஷா. குடும்பத் தலைவர் பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ." சொல்லவேண்டியதுதானே, மலை பூராவும் சொல்லிக்கொண்டு வந்தாயிற்று, நாலே எழுத்தில் ஒரு சின்னப் பேர், வாயைத் திறந்தேன், தே என்றுகூட வரவில்லை, தவிட்டு முறத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு வெள்ளைக்கார மனுஷர்தான் கண்ணில் வந்தார், பிள்ளை குட்டி இல்லாதவர், இந்தப் பூமியில் அவர் பேரைச் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள், நான் இங்கே வாயை மூடினால் அவர் அவ்வளவுதான். பட்டாச்சாரியார் துளசியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார், பின்னால் யாரோ செருமினார்கள், உத்திரட்டாதி என்றேன், நட்சத்திரம் மட்டும் வந்தது. "ஆகட்டும், பேரு?" என்றார்.

"தியூதொன்னே."

நான் சொல்லவில்லை. பொன்னி. கை கூப்பியபடி, பெருமாளைப் பார்த்துக்கொண்டு, சன்னதியில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி. பட்டாச்சாரியார் என்னது என்று கழுத்தை நீட்டினார், "தியூதொன்னே, சாமி. எங்க வூட்டுக்காரர் பேரு. சாமி குட்த்த பிள்ளைன்னு அர்த்தம். நிதானமா சொல்லுங்க, நல்லா வரும்" என்றாள். அவரும் நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக, தியூ-தொன்-னே நாமதேயஸ்ய என்று பெருமாளுக்குச் சொன்னார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, கற்பூரப் புகை என்று நினைத்திருப்பார்கள், நினைக்கட்டும், பிரான்சிலேயே கல்லறையில் படுத்திருக்கிற பேர், திருநீர்மலையில் சமஸ்கிருதத்துக்கு நடுவில் ஜம்மென்று உட்கார்ந்துவிட்டது, பெருமைப்படாமல் என்ன செய்வது, நான் கல்லா?

இறங்கும்போது, புருஷன் பேரைச் சொன்னா ஆயுசு குறையும்னு சொல்வியே என்றேன். "அதான் பெருமாள்கிட்டயே சொன்னேன்ல, குறைஞ்சா அவரு போட்டுத் தருவாரு" என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் இறங்கிப்போனாள். சம்பந்திக்கு என்ன பதில் சொல்லப்போகிறோம் என்று கேட்டதற்கு, "உத்திரட்டாதி மட்டும் போட்டு பத்திரிகை அடிக்க முடியுமா?" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்னொரு தடவை சொல்லேன் என்று கேட்டேன், மாட்டாளாம். நான் மெதுவாக உதட்டைக் குவித்துச் சொல்லிப் பார்த்தேன், தியூ, தியூதொன்னே, இல்லை, அவள் சொன்ன மாதிரி இல்லை, ஏசுபாதம் சார் தலையிலடித்துக்கொண்டு என்னிடம் கேட்ட அந்தச் சத்தம், இத்தனை வருஷம் எனக்குச் சரியாகப் பிடிபடாத அந்த முதல் எழுத்து, அவளுக்கு ஒரே தடவையில் எப்படி... ஒரே தடவையிலா? எந்தக் கண்ணாடி முன்னால், நான் எந்த ஷிப்டில் இருந்தபோது, யாரிடம் சொல்லிப் பழகினாள், ஆயுசு குறையாமல் எப்படிச் சொல்லிக்கொண்டாள்? கீழே பஸ் நின்றுகொண்டிருக்கிறது, ஏறினால் அரை மணியில் தாம்பரம், ஐசக் பேனாவைத் திறந்துகொண்டு பேரு சொல்லுங்க சார் என்பார், அப்போது நான் சொல்வதா, இல்லை, இவளைச் சொல்லச் சொல்வதா.