ஐம்பது வருஷத்துப் பெனால்டி

ஜெரோல்ட் ஓல்ட்மன்ஸ் எழுபத்திரண்டு வயதில் சரித்திர ஆசிரியர் ஆனார். கேட்டு வாங்கிய பதவி அல்ல. மாவட்டக் கால்பந்து லீக்கின் எழுபத்தைந்தாம் ஆண்டு விழாவுக்கு ஒரு புத்தகம் வேண்டும் என்று கூட்டத்தில் பேச்சு எழுந்ததும், எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி பீர்க் கோப்பைக்குள் பார்த்தார்கள். ஜெரோல்ட் மட்டும் நிமிர்ந்துவிட்டார். தபால்காரராக இருந்து ஓய்வுபெற்றவர். யார் வாயைத் திறந்தாலும் நிமிர்ந்து பார்க்கிற பழக்கம் போகவில்லை.

ஜெர்மனியின் கால்பந்து லீக்குகளை மேலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால், பாதியிலேயே எண்ணுகிறவருக்கு அலுத்துவிடும். இந்த லீக் எல்லாவற்றுக்கும் அடியில், வடகடல் ஓரத்துச் சதுப்பு நிலத்தில் கிடந்தது. இதற்குக் கீழே வேறு லீக் இல்லாததால், இங்கிருந்து யாரையும் கீழே தள்ள முடியாது. அதுதான் அதன் ஒரே பெருமை. எழுபத்தைந்து வருடத்தில் லீக்கின் பெயர் ஐந்து முறை மாறியது. ஆட்டம் மாறவில்லை. உருளைக்கிழங்கு அறுவடை என்று ஏழே பேருடன் வந்த அணி. இருபத்துமூன்று கோல் வாங்கிவிட்டு, 'காற்று எங்களுக்கு எதிராக அடித்தது, இரண்டு பாதியிலும்' என்று எழுதிக்கொடுத்த அணி. எல்லாவற்றையும் ஜெரோல்ட் சமையலறை மேஜையில் பரப்பி எழுதினார். மனைவி அல்முத் சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள்.

கடைசி அத்தியாயம் நிரந்தரப் பட்டியல். முதல் வருடத்திலிருந்து இன்றுவரை ஒவ்வொரு ஊரும் எடுத்த புள்ளிகளைக் கூட்டி, சரித்திரத்திலேயே யார் முதலிடம் என்று காட்டுகிற பட்டியல். அது இல்லாத லீக்கை அங்கே யாரும் லீக்காக மதிப்பதில்லை. ஜெரோல்ட் நான்கு முறை கூட்டினார். நான்கு விதமாக வந்தது. ஐந்தாம் முறை அல்முத் கூட்டினாள். சரியாக வந்தது. ஆனால் முதலிடத்தில் இரண்டு ஊர்கள். ஜெரோல்டின் பிரெக்மூரும் பக்கத்து ஊர் ஹோல்வார்டனும் ஆளுக்கு 2,431 புள்ளிகள். கோல் கணக்கில் ஹோல்வார்டன் முன்னே.

"ஒரு ஆட்டம் குறையுதே. எழுபத்துநாலுல நீங்க ரெண்டு ஊரும் ஆடினது எங்க?" என்றாள் அல்முத்.

ஜெரோல்டுக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த ஆட்டத்தை அவர் மறந்தால்தானே!

1–1 என்று இருந்தது. எண்பத்தெட்டாவது நிமிடம். பிரெக்மூருக்குப் பெனால்டி. ஜெரோல்ட் பந்தைப் புள்ளியில் வைத்துவிட்டுப் பின்னால் நடந்தார். அப்போது சங்கு ஊதியது. ஒரு வைக்கோல் கொட்டகை பற்றி எரிகிறது. இரண்டு அணியிலும் எல்லோரும் ஊர்த் தீயணைப்புப் படையில் இருந்தார்கள். நடுவரும்தான். இருபத்துமூன்று பேரும் ஆணி வைத்த காலணியோடு ஓடி நெருப்பை அணைத்தார்கள், நனைந்தபடியே மதுக்கடைக்குப் போனார்கள், பாடினார்கள். ஆட்ட அறிக்கையை அவர்கள் அனுப்புவார்கள் என்று இவர்கள் இருந்தார்கள். இவர்கள் அனுப்புவார்கள் என்று அவர்கள் இருந்தார்கள்.

அன்றிலிருந்து ஐம்பது வருடமாக, அடிக்காத அந்தப் பெனால்டியைப் பற்றி, "அது கோல்தான்" என்று ஜெரோல்ட் சொல்லிவருகிறார். கல்யாணத்தில் சொன்னார், பேத்தியின் ஞானஸ்நானத்தில் சொன்னார். ஹோல்வார்டனின் கோல்கீப்பர் என்னோ டாப்கனும் அதே ஐம்பது வருடமாக, "பிடிச்சிருப்பேன்" என்று சொல்லிவருகிறார்.

லீக் தலைவி வீப்கே ஃபோக்கன் கால்நடை மருத்துவர். சிக்கலைக் கேட்டுவிட்டு அரை நிமிடத்தில் தீர்ப்புச் சொன்னாள்.

"விழா அன்னைக்கு அந்தப் பெனால்டியை மட்டும் அடிச்சிடுங்க. மிச்சம் ரெண்டு நிமிஷம் ஆடின மாதிரி வச்சுக்கலாம். உங்களை ரெண்டு நிமிஷம் ஓடவிட்டா எனக்கு ரெண்டு ஆம்புலன்ஸ் வேணும்."

ஒப்புதல் வாங்க ஜெரோல்ட் சைக்கிளில் ஹோல்வார்டன் போனார். என்னோ தேநீர் ஊற்றினார். சூடு பட்டு, கோப்பையில் கிடந்த கற்கண்டு படபடவென்று வெடித்தது.

"வாடா தபாலு. கோட்டை விடுறதுக்கு அம்பது வருஷம் நேரம் கேட்டியா?"

"உனக்கு வயசாகட்டும்னு காத்திருந்தேன்டா."

என்னோ சிரித்தபடி எழுந்தார். எழுந்த விதத்தில் ஜெரோல்ட் ஒன்றைப் பார்த்துவிட்டார். போன இலையுதிர் காலத்தில் அறுவை செய்து மாற்றிய வலது இடுப்பு இன்னும் சரியாக வளையவில்லை. கரண்டி கீழே விழுந்தபோதும் என்னோ இடது பக்கமாகத்தான் குனிந்தார். ஜெரோல்ட் எடுத்துக்கொடுக்கக் கை நீட்டினார்.

"தொடாதே!"

ஜெரோல்ட் கையை இழுத்துக்கொண்டார். முன்பு ஒரு தடவை யாரோ பாவம் பார்த்து என்னோவின் பையைத் தூக்கிவந்தார்கள். அவர்களோடு மூன்று வருடம் பேசாமல் இருந்தவர் அவர்.

வீட்டுக்கு வந்து அல்முத்திடம் சொன்னார். "வலது பக்கம் அவனால விழ முடியாது. அங்க உருட்டிவிட்டாலே போதும்."

"அப்போ உருட்டு. ஊரே உன்னைத் தோள்ல தூக்கும். அதுக்கப்புறமாவது என் மேஜையைக் காலி பண்ணு."

விழா நாளில் முந்நூறு பேர் கூடியிருந்தார்கள். அந்த லீக்கில் அத்தனை பேரை ஒரே இடத்தில் பார்த்ததாகச் சரித்திரமே இல்லை. ஜெரோல்ட் சொன்னால் சரிதான், எழுதியவர் அவர்தானே. பிரெக்மூர்க்காரர்கள், "தபாலு! தபாலு!" என்று கத்தினார்கள். ஹோல்வார்டன் பக்கத்திலிருந்து, "மெதுவா அடி தாத்தா, பல்லு விழுந்துரும்!" என்று ஒரு குரல்.

ஜெரோல்ட் பந்தை வைத்தார். பின்னால் நடந்தார். திரும்பினார். என்னோ பழைய பச்சை ஸ்வெட்டரில், கையுறையைத் தட்டிக்கொண்டு நின்றார். வயிறு மட்டும் புதியது.

ஜெரோல்டுக்குத் திடீரென்று கசந்தது. ஐம்பது வருடமாக, "அது கோல்தான்" என்று சொன்னது என்னோவுக்கு எதிராக. ஒரு உலோக இடுப்புக்கு எதிராக அல்ல. இப்படி ஒரு கோலை அடித்துவிட்டு மிச்ச நாளெல்லாம் எதைச் சொல்லிக்கொண்டு திரிவது? ஓடிவந்தார், ஓட்டம் என்று அதைச் சொல்லலாமென்றால். என்னோவின் நல்ல பக்கத்துக்கு, இடது மூலைக்கு, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து அடித்தார்.

என்னோ வலது பக்கம் பாய்ந்தார்.

புது இடுப்பின் மேலேயே, மூட்டை விழுகிற சத்தத்தோடு. பந்து இந்தப் பக்கம் ஆளில்லாத மூலையில் நிதானமாக உள்ளே போனது. யாரும் கைதட்டவில்லை. வீப்கே ஓடினாள், ஜெரோல்ட் அவளுக்கு முன்னால் ஓடினார்.

"அசையாதீங்க. நான் மாட்டு டாக்டர்தான், ஆனா எலும்பு எலும்புதான். இங்க வலிக்குதா?"

"இடுப்பு நல்லாத்தான் இருக்கும்மா. அதைச் சுத்தி இருக்கிற நான்தான் வலிக்குது."

கூட்டம் சிரித்து மூச்சுவிட்டது. அதற்குப் பிறகுதான் பிரெக்மூர்க்காரர்களுக்குக் கோல் ஞாபகம் வந்து கத்தினார்கள். என்னோ மட்டும் புல்லில் உட்கார்ந்தபடி ஜெரோல்டையே பார்த்தார்.

"உன்னை எனக்குத் தெரியும்டா. என் கெட்ட இடுப்பைப் பார்த்துட்ட, நீ அந்தப் பக்கம்தான் அடிப்பன்னு சத்தியமா நம்பித்தான் விழுந்தேன். ஏன் மாத்தி அடிச்ச?"

ஜெரோல்ட் வாயைத் திறந்தார். என்னோவின் கண் சுருங்கியது. "பாவம் பார்த்தியா?"

சுற்றிலும் முந்நூறு பேர். 'யோசித்து அடித்தேன், உன்னை ஏமாற்றினேன்' என்று சொல்லியிருந்தால் போதும். பிரெக்மூரில் சிலை வைத்திருப்பார்கள். ஆனால் என்னோ நம்பியிருக்க மாட்டார். பொய் சொல்கிறபோது ஜெரோல்டுக்குக் காது சிவக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

"பாவமா? உனக்கா? உன் இடுப்புப் பக்கம்தான்டா குறி வச்சேன்," என்றார் ஜெரோல்ட். "கால் புரண்டு பந்து அந்தப் பக்கம் போயிடுச்சு."

அவர் காது சிவந்தது. நல்லவேளையாக, வெட்கத்துக்கும் அப்படித்தான் சிவக்கும்.

என்னோ ஒரு நொடி பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "கேட்டீங்களா? கால் புரண்டுதாம்! அம்பது வருஷம் பீத்திக்கிட்டான், கடைசியில தப்பா உதைச்சுத்தான் உள்ள போயிருக்கு!" முழங்கையை நீட்டினார். "தூக்குடா, கோணக்காலா."

ஜெரோல்ட் தூக்கினார். என்னோ அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, வறுத்த சாசேஜ் கடை வரைக்கும் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டே வந்தார். கடையை அடைவதற்குள், ஜெரோல்ட் உதைத்தது பந்தையே அல்ல, பக்கத்திலிருந்த மண்ணை என்று ஆகிவிட்டது.

அல்முத் சாசேஜில் கடுகுச் சாஸ் பிழிந்து நீட்டினாள். "கால் எப்படி இருக்கு?" என்றாள், சிரிக்காமல்.

"புரண்டுதான் இருக்கு," என்றார் ஜெரோல்ட்.

புத்தகத்தில் பிரெக்மூர் முதலிடம். அதற்கு அடியில் பொடி எழுத்தில், வெற்றிக் கோல் தவறுதலாக விழுந்தது என்று சரித்திர ஆசிரியர் தன் கையாலேயே எழுதிவைத்திருக்கிறார்.