இடது குழலின் கரகரப்பு

மதில் இடிக்கும்போது குழல் வாசிக்க ஆள் வேண்டும், வாசிப்பவர்களுக்கு ஒரு பார்லி ரொட்டி என்று ஸ்பார்ட்டாக்காரர்கள் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். குளிர்காலம் முழுக்க ஏதென்ஸைப் பட்டினி போட்டுப் பணிய வைத்தவர்களுக்குக் கச்சேரி வேறு கேட்கிறது. காறித் துப்பலாம் என்றால் என் வாயில் எச்சில் இல்லை.

உள்ளே என் மகள் ஸ்மிக்ரா சுவரோரம் சுருண்டு கிடந்தாள். எழுந்து நின்று பல நாள் ஆகிறது.

"அப்பா எப்பம்மா வருவாரு?"

"வந்துருவாரு. குழல் சத்தம் கேட்டா அவருதான்னு வச்சுக்கோ."

அவள் அப்பா டைசியாஸ் போர்க்கப்பலில் துடுப்புக்காரர்களுக்குத் தாளம் தப்பாமல் குழல் வாசிக்கிறவன். இலையுதிர் காலத்தில் எங்கள் கப்பல்கள் மொத்தமும் வடக்கே லாம்ப்சகோஸ் பக்கம் பிடிபட்டன. ஏதென்ஸ்காரர்களை மட்டும் கொன்றார்களாம், வெளியூர்க்காரர்களை விட்டுவிட்டார்களாம். அவன் ஏதென்ஸ்காரன். நான் மிலேட்டஸ் ஊர்க்காரி. கப்பலேறிய அன்றே அவனிடம் சொல்லியிருந்தேன்: "மாட்டிக்கிட்டா மிலேட்டஸ்னு சொல்லிடு. என் பேச்சுதான் உனக்கு நல்லா வருமே." சிரித்துக்கொண்டே தலையாட்டினான். அந்தத் தலையாட்டலைப் பிடித்துக்கொண்டுதான் குளிர்காலத்தைத் தள்ளினேன்.

என் இரட்டைக்குழலை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஊதும்போது கன்னத்தை இறுக்கிக் கட்டும் தோல்பட்டையை எப்போதோ வேகவைத்துத் தின்றாயிற்று. ஸ்மிக்ராவின் பழைய துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டேன். பக்கத்து வீட்டு ஃபனோ வாசலிலேயே மறித்தாள்.

"யாரு சாவுக்குடி ஊதப் போற?"

"எம்புள்ள சாவக் கூடாதுன்னுதான் போறேன். வழிய விடு."

மதில் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். சிப்பாய்கள் தலையில் பூமாலையும் கையில் கடப்பாரையுமாக நின்றார்கள். என்னை ஒரு தடித்த கொரிந்துக்காரன் பக்கத்தில் நிறுத்தினார்கள். அவர்கள் படையோடு வந்த குழல்காரன்.

"என்னடி, ஊத வந்தியா, மூக்குச் சிந்த வந்தியா?" என்றான் அவன்.

"நடுவுல நிறுத்துனா ரொட்டி கிடையாது," என்றான் காவலாளி.

முதல் கல் விழுந்தது. கொரிந்துக்காரன் ஆரம்பித்தான். கீழ்ச்சுரத்துக்கு இறங்கியதும் அவனுடைய இடது குழல் கரகரத்தது.

ஸ்மிக்ரா தவழ்கிற வயதில் கல்தரையில் போட்டு விரிசல் விட்ட டைசியாஸின் குழல் அப்படித்தான் கரகரக்கும். மெழுகு தேய்த்து, சிவப்பு நூல் சுற்றிக் கட்டியவள் நான். கண்ணை ஓட்டினேன். அதே நூல். நான் போட்ட அதே முடிச்சு.

காவலாளி என்னைத் திரும்பிப் பார்த்தான். ஊதினேன்.

கடப்பாரைகள் அடுத்த பகுதிக்கு நகர்ந்த இடைவெளியில் கேட்டேன்.

"இந்தக் குழல் ஏது?"

"லாம்ப்சகோஸ் கரையில கெடச்சுது. நல்ல சாமான், ஒரு பக்கம்தான் சளி புடிச்ச மாதிரி. வச்சிருந்தவனுக்கு இனிமே தேவப்படாது."

"ஏதென்ஸ்காரனா?"

"அதத்தான் சொல்ல வந்தேன். குழல்காரன்தானே, போகட்டும்னு விடத்தான் பார்த்தாங்க. எந்த ஊருடான்னு கேட்டதுக்கு, மிலேட்டஸ்னு வாயத் தொறந்தான். வரிசையில நின்ன துடுப்புக்காரப் பசங்களத் திரும்பி ஒரு பார்வை பார்த்தான். அப்புறம் ஏதென்ஸுன்னுட்டான். மடப்பய."

மடையன்தான். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஒரு பொய், ஒரே ஒரு சொல், அதைச் சொல்லிவிட்டு என்னிடம் வந்து சேர்ந்திருக்கக் கூடாதா? துடுப்புக்காரர்கள் கண்ணில் பட்டார்கள், நானும் பிள்ளையும் படவில்லையா? எந்த ஊர்ப் பெயரைச் சொல்லிச் செத்தானோ, அந்த ஊர் மதில் அவன் குழலுக்கே விழுந்துகொண்டிருந்தது.

"இன்னையிலருந்து கிரேக்க நாட்டுக்கே விடுதலைடா!" என்று எவனோ கத்தினான். கூட்டம் ஆரவாரம் செய்தது. கொரிந்துக்காரன் குழலை வாயில் வைத்தான். ரொட்டிக்காக நானும் வைத்தேன். டைசியாஸும் நானும் சேர்ந்து வாசித்த காலத்தில் அவன் இறங்கும் இடத்தில் நான் ஏறுவேன். பாழாய்ப்போன விரல்கள் மறக்கவில்லை, தானாகவே ஏறின. பொழுது சாய்கிறவரை நிறுத்தவில்லை. உதடு வெடித்து ரத்தம் துணியில் ஊறியது.

ரொட்டியை மாரோடு அணைத்துக்கொண்டு ஓடினேன்.

ஸ்மிக்ரா வாசலில் நின்றிருந்தாள். நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கால் நடுங்க நின்றிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"அம்மா, அப்பா குழல் கேட்டுச்சு! அந்தக் கரகர சத்தம். நீயும் கூட வாசிச்சல்ல?"

என்னைத் தாண்டித் தெருவையே பார்த்தாள்.

"மொதல்ல சாப்பிடு கண்ணு." ரொட்டியைப் பிய்த்து அவள் வாயருகே கொண்டுபோனேன்.

முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அப்பா வரட்டும்மா. அவருக்கும் பசிக்கும்ல."