எதிர்வீட்டுக் கஞ்சி

எண்பத்து மூன்றில் வந்த விஷப்புகை பம்பாயையே காலி செய்துவிட்டது. பிழைத்த அனாதைகளான எங்களைச் சேர்த்து, தாராவியில் ஒரு தோல் கிடங்கு மாடியில் சாயிரா டீச்சர் ரகசியமாகப் பள்ளிக்கூடம் நடத்தினார். நாங்கள் இருப்பது வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் கொள்ளைக்காரர்கள் அரிசியோடு எங்களையும் தூக்கிப் போவார்கள்.

இதெல்லாம் என் சிநேகிதி மெஹராஜுக்கு மண்டையில் ஏறினால்தானே. நோன்பின் முதல் நாள் கஞ்சி காய்ச்சியவள், ஒரு தூக்குச்சட்டி நிறைய ஊற்றி எதிர்வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தாள்.

"ஏட்டி, அங்க யாரு இருக்கா, பேயா?" என்றேன்.

"பழக்கத்துல வச்சிட்டேம்ட்டி. எதுத்த வீட்டுக்குக் குடுக்காம எங்கம்மா நோன்பு தொறந்ததே இல்ல."

மறுநாள் காலையில் யாரோ கதவைத் தட்டினார்கள். டீச்சர் இரும்புக் கம்பியைக் கையில் எடுத்தார். அந்த மடச்சி மெஹராஜை இழுத்து என் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டேன்.

டீச்சர் கதவைத் திறந்தார். ஆறேழு வயதுப் பெண் ஒருத்தி, கழுவிய தூக்குச்சட்டியோடு நின்றாள். உள்ளே ஒரு பிடி சர்க்கரை.

"சட்டிய வெறுமனே திருப்பிக் குடுக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லும்," என்றாள். "வீட்ல இதான் இருந்துச்சு."

"அம்மா எங்கேம்மா?" என்று டீச்சர் கேட்டார்.

அவள் சட்டியை நீட்டிவிட்டு, ஆளில்லாத எதிர்வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். டீச்சர் கம்பியைச் சுவரில் சாய்த்துவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டார்.

அன்று மாலை கஞ்சி இறக்கியதும், டீச்சரே தூக்குச்சட்டியை மெஹராஜிடம் நீட்டினார்.

"இன்னைக்குத் தெருக்கோடி வீட்டு வாசல்ல வை."