ஏன் மேடத்தின் முதுகுவலி

திட்டத்துறையில் எல்லோரும் அவளை ‘ஏன் மேடம்’ என்றுதான் சொல்வார்கள், அதுவும் அவள் இல்லாத நேரம் பார்த்து. எந்த அதிகாரி எந்தத் திட்டத்தோடு வந்தாலும், “இதைச் செய்யலேன்னா என்ன கெட்டுப்போகும்?” என்று குடைந்தெடுத்துவிடுவாள். தேவையை நிரூபிக்காமல் எதையும் தொடங்கக்கூடாது என்ற விதியைக் கொண்டுவந்தவளே அவள்தான்.

வீட்டிலும் அதே ராஜாங்கம். ஒரு சோபா வாங்கலாம் என்று கணவன் வாயெடுத்தால் போதும், “என்ன தேவைன்னு சொல்லுங்க” என்பாள். அவனும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோய், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போது கத்தி அவள் கழுத்துக்கே வந்துவிட்டது. அரசு அலுவலகங்களில் மக்கள் காத்திருக்கும் கூடங்களைச் சீர்செய்ய, நாடு முழுவதற்கும் ஓர் உத்தி வகுக்கும் திட்டத்தை அவளே முன்வைத்தாள். அது தள்ளுபடியானால் அவளுடைய பிரிவையே மூடிவிட்டு, அவளைப் பழைய கோப்புகள் தூங்கும் அறைக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஆய்வுக் குழுத் தலைவர் ஒருகாலத்தில் அவளுக்குக் கீழே இருந்து, அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர். அவளுடைய தடித்த அறிக்கையை அவர் புரட்டக்கூட இல்லை.

“இதைச் செய்யலேன்னா என்ன கெட்டுப்போகும் மேடம்?”

அறிக்கையில் வரைபடம், புள்ளிவிவரம் எல்லாம் இருந்தன. பதில்தான் இல்லை. என் பிரிவு கெட்டுப்போகும் என்று சொல்ல முடியுமா?

“சரி, நீங்க கடைசியா எங்கே போய்க் காத்திருந்தீங்க?”

எங்கும் இல்லை. அடையாள அட்டையைக் காட்டிப் பக்கவாசல் வழியாகப் போய் வருவதே அவள் வழக்கம். அதைச் சொல்ல நாக்கு கூசியது. நாளைக்கு வந்து பதில் சொல்வதாகச் சொல்லிவிட்டு எழுந்துவிட்டாள்.

மறுநாள் காலை அட்டையைக் கைப்பையில் மறைத்துக்கொண்டு, பேறுகால உதவித்தொகை கொடுக்கும் அலுவலகத்தில் சீட்டு வாங்கி உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்பது பேச்சுக்குத்தான். இரும்பு பெஞ்சு முன்பக்கம் சரிந்திருந்ததால், எல்லோரும் காலை ஊன்றி, வழுக்காமல் இருப்பதையே ஒரு வேலையாகச் செய்துகொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு நிறைமாதக் கர்ப்பிணி நெளிந்துகொண்டிருந்தாள்.

“பாத்ரூம் போகணும். போனா நம்பர் போயிடும்.”

“நீ போம்மா, நான் சொல்லிக்கறேன்.”

அவள் போன நேரம் பார்த்து அவளுடைய நம்பர் வந்தது. ஏன் மேடம் கவுன்டருக்கு ஓடினாள். “ஆள் இல்லேன்னா அடுத்த நம்பர்தான்” என்று சொல்லிவிட்டார் குமாஸ்தா. அவள் எவ்வளவு மன்றாடியும் அவர் அசையவில்லை. திரும்பி வந்த கர்ப்பிணி சண்டை போடவில்லை. புதுச் சீட்டு வாங்கிக்கொண்டு பழைய இடத்தில் காலை ஊன்றினாள்.

“பழக்கம்தான்க்கா.”

ஏன் மேடத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குமாஸ்தா மேல் பாதி, தன் மேல் மீதி.

காலையெல்லாம் அந்தச் சரிந்த பெஞ்சில் இருந்ததில் முதுகு பிடித்துக்கொள்ள, மதியம் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் ஆய்வுக் குழு அறைக்குள் நுழைந்தாள்.

“செய்யலேன்னா புதுசா எதுவும் கெட்டுப்போகாது சார். கெட்டது அப்படியே இருக்கும், சனங்க அதுக்குப் பழகிக்குவாங்க. என் அறிக்கையைத் தூக்கிப் போட்டுட்டு, நாளைக்கு நீங்களும் வந்து அங்கே உட்காருங்க.”

தலைவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“வேணாம் மேடம். உங்க நடையே சொல்லுது” என்று கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் கூடத்துத் தரையில் அப்படியே மல்லாந்துவிட்டாள்.

“என்னங்க, ஒரு சோபா வாங்கிடலாம்.”

கணவன் டிவி சத்தத்தைக் குறைத்தான். நாற்காலியை அவள் பக்கம் நிதானமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டான்.

“வாங்கலாம்தான். வாங்கலேன்னா என்ன கெட்டுப்போகும்?”

சிரித்தால் முதுகு வலித்தது. சிரிக்காமலும் இருக்க முடியவில்லை.