மேல் பாதி அண்ணனுக்கு

ஆசிரியர் பயிற்சியின் கடைசிப் பருவத்தில், பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஊருக்குப் பயன்படும் ஒரு வேலையை நாங்கள் நடத்திக் காட்ட வேண்டும். நான் பஸ் நிழற்குடையை எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் இருந்தது. அதன் பின்சுவர் முழுக்கக் கிழிந்த போஸ்டர்கள், செருப்புத் தடங்கள், யார் யாரையோ காதலித்ததற்கான ஆணிக் கீறல்கள்.

யோசனை என்னுடையது. அதற்குத் திட்டம் போட்டுக் கொடுத்தவர் அண்ணன். அவர் பெயிண்டர்.

"கீழ உன் வானரப் படை, மேல நான். விடியும்போதே வந்து மேல் பாதிய முடிச்சு வச்சிடறேன். அப்புறம் நீங்க இறங்குங்க, டீச்சரம்மா" என்றார் சாப்பிட்டுக்கொண்டே.

"நான் இன்னும் டீச்சர் ஆகலண்ணா."

"நானும்தான் முதலாளி ஆகல. பெயிண்ட் கடைக்காரன் 'வாங்க முதலாளி'ங்கறான். நான் திரும்பிப் பார்க்காமலா இருக்கேன்?"

சிரித்ததில் அண்ணிக்குப் புரையேற, அண்ணன்தான் தலையில் தட்டினார்.

அடுத்த மாதம் ஒரு வீட்டில் கூடத்துச் சுவருக்குப் பட்டி பார்த்துக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

பயிற்சிக் கல்லூரியில் எனக்கு மேற்பார்வையாக இருந்த மேடம் கூப்பிட்டுச் சொன்னார்: "இப்ப முடியலன்னா அடுத்த வருஷம் சேர்ந்துக்கம்மா. யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க." நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் இப்போது படிப்பை நிறுத்தினால் திரும்பி வர மாட்டேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. துணிக்கடையில் ஒரு வேலை காத்திருந்தது. இனி சம்பாதிக்க வேண்டியவள் நான்தான். "முடியும் மேடம்" என்றேன். அப்படியென்றால் குறித்த நாளில், சாயங்காலம் அவர் வந்து பார்க்கும்போது, சுவர் முடிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வருடம் போனதுதான்.

அன்று காலை அண்ணனின் பிரஷ்களைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வாசலில் அண்ணி கேட்டார்: "ஏணி?"

"எதுக்கண்ணி? பசங்கள ஏணியில ஏத்தவே கூடாதுன்னு பள்ளிக்கூடத்துல சொல்லியிருக்காங்க."

அண்ணி என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். பிறகு, பால் பொங்குகிறது என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

முந்தின நாளே பிள்ளைகள் போஸ்டர்களைச் சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, சுவரைக் கழுவிக் காயவிட்டிருந்தார்கள். பெயிண்ட் வெளிர் மஞ்சள். நான்காம் வகுப்புப் பிள்ளைகள். ஆளுக்கு ஒரு பெரிய பழைய சட்டை. வேலை மும்முரமாக நடந்தது. மூக்கில் மஞ்சள், காதில் மஞ்சள், ஒருத்தியின் பின்னல் நுனி முழுசாகவே டப்பாவுக்குள் போய் வந்தது. நான் அங்குமிங்கும் ஓடிக்கொண்டே இருந்தேன். பல நாளுக்குப் பிறகு அன்றுதான் பசித்தது.

நண்பகலில் எங்கள் வகுப்பு வாயாடி வந்து என் புடவையை இழுத்தாள்.

"டீச்சர், எங்களுக்கு எட்டுற வரைக்கும் முடிஞ்சிருச்சு. மேல யாரு?"

நிமிர்ந்து பார்த்தேன். எட்டிய கைகளின் உயரத்தில் மஞ்சள் அலை அலையாக முடிந்திருந்தது. அதற்கு மேல் பாதிச் சுவர் பழைய நிறத்தில் அப்படியே நின்றது.

பெயிண்ட், பிரஷ், குடிதண்ணீர், காயத்துக்கு மருந்து என்று எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தேன். மேல் பாதியை மட்டும் நினைக்கவே இல்லை. அது அண்ணன் வேலை. அவர் வந்து செய்வார் என்றுதான் மனம் அதைத் தொடாமல் விட்டிருந்தது. அவரைக் கொண்டுபோய் எரித்துவிட்டு வந்த பிறகும் என் திட்டத்திலிருந்து அவரை எடுத்திருக்கவில்லை. காலையில் அண்ணி எதற்கு ஏணியைக் கேட்டார் என்பது அப்போதுதான் புரிந்தது.

 பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

வாயாடி என்னைப் பார்த்தாள். பிறகு பஸ்ஸுக்காக நின்றிருந்த ஒரு நெட்டை மனிதரிடம் நேராகப் போனாள்.

"அங்கிள், உங்க பஸ் எப்ப வரும்?"

"அது வர்றப்ப வரும். ஏம்மா?"

"அதுவரைக்கும் சும்மாதான நிக்கறீங்க? எங்க டீச்சருக்கு உடம்பு சரியில்ல. இதைக் கொஞ்சம் மேல அடிங்க."

அவர் என்னைப் பார்த்தார், பிரஷைப் பார்த்தார், சட்டைக் கையை மடித்தார். "பாப்பா சொன்னா தட்ட முடியுமா?"

அவருடைய பஸ் வந்ததும், அவர் பிரஷை ஒரு நர்ஸம்மாவிடம் கொடுத்துவிட்டு ஏறினார். நர்ஸம்மா பஸ் வந்ததும் ஒரு கல்லூரிப் பையனிடம் கொடுத்தார். இப்படியே கை மாறி மாறிப் போனது. பிள்ளைகள் கீழே நின்று மேஸ்திரிகளானார்கள்.

"அக்கா, அங்க திட்டா இருக்கு."

"தாத்தா, வழியுது பாருங்க! எங்க பக்கமெல்லாம் பாழாகுது."

"அடேங்கப்பா, என் வீட்டுக்காரி தேவலாம்" என்றார் அந்தப் பெரியவர். ஆனாலும் தனக்கு வந்த பஸ்ஸை விட்டுவிட்டு, அடுத்ததில் போனார்.

கூரைக்குக் கீழே ஒரு பட்டை மட்டும் யாருக்கும் எட்டவில்லை. அந்த நேரத்தில் ஒரு பஸ் வந்து நின்றது. உள்ளேயிருந்து கண்டக்டரின் குரல் கேட்டது: "ஏம்மா, ஏணிக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்திருக்கணும். சீட்ல உட்கார்ந்து வருது, ராஜா மாதிரி!"

"உட்காரவா செஞ்சது? படுத்துல்ல வந்தது" என்று பதில் சொல்லிக்கொண்டே, அண்ணனின் ஏணியோடு இறங்கினார் அண்ணி.

"காலையிலயே சொல்லியிருக்கணும்டி. உன் முகத்தப் பார்த்தா வாய் வரல" என்றார். பிறகு நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். "யாரு அடிச்சா இவ்வளவும்?"

நான் சொல்லி முடிப்பதற்குள் மேடம் வந்துவிட்டார். அறிமுகமில்லாத ஒரு மனிதர் கழுத்து டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டுச் சுவருக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருப்பதைக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது பிள்ளைங்க செய்ய வேண்டிய வேலையாச்சே. இவங்கல்லாம் உங்க திட்டத்துல இருந்தாங்களா?"

"இல்ல மேடம். திட்டத்துல எங்கண்ணன் இருந்தாரு."

 அதற்குள் வாயாடி இடையில் புகுந்தாள்: "நாங்கதான் மேடம் எல்லாரையும் வேலை வாங்குனோம். ரொம்பக் கஷ்டம். சொன்னா கேட்கவே மாட்டேங்கறாங்க."

மேடம் சிரித்துவிட்டார். "எனக்கும் இதே கஷ்டம்தான், தினமும்."

நான் ஏணியில் ஏறினேன். படிகளில் எத்தனையோ வீடுகளின் நிறங்கள் சொட்டுச் சொட்டாகக் காய்ந்திருந்தன. ஏணியின் ஒரு காலை அண்ணி பிடித்துக்கொண்டார். "இந்தப் பக்கம் ஆடுதே" என்று கைப்பையைப் பெஞ்சில் வைத்துவிட்டு, இன்னொரு காலை மேடம் பிடித்துக்கொண்டார். இருட்டுவதற்குள் அந்தப் பட்டையை நான் முடித்தேன். அந்த வருடம் தேறினேன். இன்று வரை ஆசிரியர் வேலையில்தான் இருக்கிறேன்.

சாமான்களை எடுத்து வைக்கும்போது அண்ணனின் அகல பிரஷைக் காணவில்லை. யாரோ அவசரத்தில் கையோடு பஸ் ஏறிவிட்டார்கள்.  எங்கள் பஸ் வரும் வரை அண்ணி தரையைத் தேடிக்கொண்டே நடந்தார்.

மறுநாள் காலை, நான் பள்ளிக்குப் போக நிறுத்தத்தில் இறங்கியபோது கண்டக்டர் ஒரு பொட்டலத்தை நீட்டினார். "டீச்சர், யாரோ இதை உங்ககிட்ட கொடுக்கச் சொன்னாங்க. பேர் கேட்டேன், சொல்லல."

நாளிதழைப் பிரித்தேன். பிரஷ் இருந்தது. வேரில் ஒரு துளி மஞ்சள் இல்லாமல் கழுவி, மயிர் கலையாதபடி நூலால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். அண்ணனும் அப்படித்தான் கட்டி வைப்பார்.